மேடையில் கார்ட்டூன், மைக்கில் மனிதர்கள்: கொரில்லாஸ் இசைக்குழுவின் முதல் 10 ஆண்டுகள், ஆல்பம் ஆல்பமாக!

பாடகருக்கு நீல நிற முடி, கண் இருக்கும் இடத்தில் இரண்டு கறுப்புக் குழி. பேஸ் கிட்டார் வாசிப்பவருக்குப் பச்சைத் தோல். கிட்டார் வாசிக்கும் சிறுமி ஜப்பானிலிருந்து கூரியர் பெட்டிக்குள் வந்தவள். டிரம்மர் உடம்பில் இறந்துபோன நண்பர்களின் ஆவி. இப்படி நாலு பேர் சேர்ந்து ஒரு பேண்ட் தொடங்கினால் யார் கேட்பார்கள்?

கேட்டார்கள். முதல் ஆல்பமே உலகம் முழுக்க 70 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. 'உலகின் மிக வெற்றிகரமான விர்ச்சுவல் பேண்ட்' என்று கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் பெயரும் ஏறியது. அதுதான் பிரிட்டனில் பிறந்த 'கொரில்லாஸ்'.

ஏஐ உருவாக்கும் பாடகர்கள் பற்றி இப்போது தினமும் பேசுகிறோம். "பாடுறது உண்மையிலேயே யாரு?" என்ற கேள்வி இன்று எல்லோர் வாயிலும் இருக்கிறது. இதே கேள்வியை 25 வருஷத்துக்கு முன்பே ரசிகர்கள் முன் வைத்த பேண்ட் இது. முதல் பத்தாண்டில் அவர்களின் இசை எப்படி மாறியது, திரைக்குப் பின்னால் இருந்தவர்கள் ஏன் மெல்ல மெல்ல முன்னால் வந்தார்கள்? விரிவாகப் பார்க்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால்...

• தொடக்கம்: 1998, லண்டன்
• உருவாக்கியவர்கள்: பாடகர், இசையமைப்பாளர் டேமன் ஆல்பர்ன், காமிக்ஸ் ஓவியர் ஜேமி ஹியூலெட்
• கற்பனை உறுப்பினர்கள்: 2டி, மர்டாக், நூடுல், ரஸ்ஸல்
• முதல் வெளியீடு: 'டுமாரோ கம்ஸ் டுடே' (நவம்பர் 2000)
• முதல் பத்தாண்டின் ஸ்டுடியோ ஆல்பங்கள்: கொரில்லாஸ் (2001), டீமன் டேஸ் (2005), பிளாஸ்டிக் பீச் (2010), தி ஃபால் (2010)

விர்ச்சுவல் பேண்ட் என்றால் என்ன?

ரசிகர்கள் கண்ணில் படுவது வரைந்த கதாபாத்திரங்கள். காதில் விழுவது உண்மையான மனிதர்களின் குரலும் வாசிப்பும். இதுதான் விர்ச்சுவல் பேண்ட்.

இதை முதலில் செய்தவர்கள் கொரில்லாஸ் அல்ல. 1950-களின் இறுதியிலேயே அமெரிக்காவில் 'சிப்மங்க்ஸ்' என்ற அணில் கூட்டம் பாடி ஹிட் ஆனது. 1969-ல் 'தி ஆர்ச்சீஸ்' என்ற கார்ட்டூன் குழுவின் 'சுகர், சுகர்' பாடல் அமெரிக்க ஹிட் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஆனால், அவையெல்லாம் பெரும்பாலும் குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்குமான பொழுதுபோக்கு. பெரியவர்கள் உட்கார்ந்து கேட்கும் ஆல்பங்களை, அதுவும் போர், குப்பை, தனிமை என்று கனமான விஷயங்களைப் பேசும் ஆல்பங்களை ஒரு கார்ட்டூன் குழு வெளியிட முடியும் என்று காட்டியது கொரில்லாஸ்தான்.

டிவி பார்த்தபோது வந்த யோசனை

1990-களில் பிரிட்டனின் பெரிய ராக் குழுக்களில் ஒன்று 'பிளர்'. அதன் பாடகர் டேமன் ஆல்பர்ன். 'டேங்க் கேர்ள்' என்ற காமிக்ஸால் பெயர் பெற்றவர் ஜேமி ஹியூலெட். இருவரும் முதலில் சந்தித்தது 1990-ல், பிளர் குழுவை ஹியூலெட் பேட்டி எடுத்தபோது. அந்தச் சந்திப்பில் பெரிய ஒட்டுதல் ஒன்றும் வந்துவிடவில்லை. ஆனால், 1990-களின் பிற்பகுதியில் லண்டனில் ஒரே ஃபிளாட்டில் தங்கும் நண்பர்கள் ஆகிவிட்டார்கள்.

அந்த வீட்டில் எம்டிவி ஓடிக்கொண்டே இருக்கும். அழகான முகங்களைப் பொறுக்கியெடுத்து, ஒரே அச்சில் வார்த்த பாப் குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துபோன காலம் அது. 'இவங்களே பொம்மை மாதிரிதான் இருக்காங்க. அப்போ நாமே பொம்மைகளை வச்சு ஒரு பேண்ட் பண்ணினா என்ன?' என்பதுதான் அவர்களுக்குத் தோன்றிய யோசனையின் சாரம்.

இருவரும் பிறந்தது 1968-ல். சீன நாட்காட்டிப்படி அது குரங்கு ஆண்டு. பெயருக்குப் பின்னால் இப்படி ஒரு பொருத்தமும் உண்டு.

ஆல்பர்னுக்கு இதில் இன்னொரு வசதியும் இருந்தது. பிளர் பாடகர் என்றால் அவர் முகமே ஒரு முத்திரை. அவர் ராப் பக்கம் போனாலும் ரெகே பக்கம் போனாலும், 'ராக் பாடகருக்கு இங்கே என்ன வேலை?' என்று கேட்பார்கள். முகமூடி போட்டுக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை. கார்ட்டூன் கதாபாத்திரம் எதையும் பாடலாம்.

யார் இந்த நாலு பேர்?

2டி: பாடகர், கீபோர்டு. அப்பாவி. மர்டாக் ஓட்டிய கார் மோதித்தான் கண்கள் இப்படி ஆயின என்பது கதை.

மர்டாக் நிக்கல்ஸ்: பேஸ் கிட்டார். பேண்டைத் தொடங்கியவர் தானே என்று மார்தட்டும் வில்லன்.

நூடுல்: கிட்டார். ஜப்பானிலிருந்து பார்சலாக வந்து இறங்கிய சிறுமி. ஆல்பத்துக்கு ஆல்பம் வயது ஏறும்.

ரஸ்ஸல் ஹாப்ஸ்: டிரம்ஸ். அமெரிக்கர். இறந்த ராப் பாடகர்களின் ஆவி இவர் உடம்பில் குடியிருக்கிறது.

பாடும் 2டியின் குரல் ஆல்பர்னுடையது. ஆனால், 2டி பேட்டி கொடுக்கும்போது பேசுவது வேறொரு கலைஞர். நூடுலுக்கோ முதல் ஆல்பத்தில் ஜப்பானியப் பாடகி மிஹோ ஹடோரி குரல் கொடுத்தார். அடுத்த ஆல்பத்தின் 'டேர்' பாடலில் நூடுல் வாயசைக்க, பாடியவர் ரோஸி வில்சன். ஒரு முகத்துக்குப் பின்னால் பல குரல்கள். இந்த வளைந்துகொடுக்கும் அமைப்புதான் பின்னாளில் பேண்டின் பெரிய பலமாக மாறியது.

2001: முதல் ஆல்பம் - ஒரு பட்டனில் பிறந்த ஹிட்

2001 மார்ச் 26-ல் 'கொரில்லாஸ்' என்ற பெயரிலேயே முதல் ஆல்பம் வந்தது. தயாரிப்பாளர் அமெரிக்க ஹிப்-ஹாப் உலகின் டான் தி ஆட்டோமேட்டர். லண்டனிலும் ஜமைக்காவிலும் ஒலிப்பதிவு நடந்தது. அந்த ஜமைக்கா காற்று பாடல்களிலும் அடிக்கும். பேஸ் கனமாக இருக்கும், பீட் அவசரப்படாது, நடுநடுவே எதிரொலி மிதக்கும். 'டப்' என்று இந்தப் பாணிக்குப் பெயர். ரெகே பாடலிலிருந்து குரலை எடுத்துவிட்டு, தாளத்தையும் பேஸையும் எதிரொலியையும் முன்னால் கொண்டுவரும் முறை அது.

ஆல்பத்தின் முகவரி 'கிளின்ட் ஈஸ்ட்வுட்' என்ற பாடல். ஹாலிவுட் நடிகரின் பெயர்தான். அதன் தாளம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 'ஆம்னிகார்ட்' என்ற ஜப்பானிய எலக்ட்ரானிக் கருவியில் 'ராக் 1' என்று ஏற்கெனவே பதிந்து வைத்திருக்கும் ரிதம் அது! பட்டனை அழுத்தினால் யாருக்கும் வரும். பல ஆண்டுகள் கழித்து, 2023-ல் ஆல்பர்னே ஒரு பேட்டியில் அந்தக் கருவியை வைத்து வாசித்துக் காட்டினார். வீடியோ வைரலானது.

அப்படியென்றால் பாடலில் இவர்கள் செய்தது என்ன? அந்த ரெடிமேட் தாளத்தின் மேல் மெலோடிகா என்ற ஊதுகருவியின் சோகமான இழை. சோம்பேறித்தனமாகப் பாடும் 2டி. திடீரென்று நடுவில் புகுந்து வெளுத்து வாங்கும் ராப். ராப் பாடியவர் டெல் தி ஃபங்கி ஹோமோசேபியன். உண்மையில் அந்த இடத்துக்கு முதலில் 'ஃபை லைஃப் சைஃபர்' என்ற பிரிட்டிஷ் ராப் குழு பாடியிருந்தது. பிறகு டெல் பாடிய வடிவமே ஆல்பத்தில் இடம்பெற்றது. வீடியோவில் டெல் யார்? ரஸ்ஸலின் தலையிலிருந்து புகையாக எழும் நீல ஆவி! ஒரு கெஸ்ட் பாடகரைக் கதைக்குள் எப்படி நுழைப்பது என்ற சிக்கலுக்கு இவர்கள் கண்டுபிடித்த வழி அது.

பாடல் பிரிட்டன் பட்டியலில் 4-வது இடம், ஆல்பம் 3-வது இடம். '19-2000' பாடலின் ரீமிக்ஸ் 'ஃபிஃபா 2002' கால்பந்து வீடியோ கேமில் சேர்ந்தது. ஆல்பத்தில் கியூபாவின் மூத்த பாடகர் இப்ராஹிம் ஃபெரர் ஸ்பானிஷ் மொழியில் பாடிய பாடலும் உண்டு. 70 வயதைக் கடந்த கியூபா பாடகர், அமெரிக்க ராப்பர், ஜப்பானியப் பாடகி. மூவரும் ஒரே ஆல்பத்தில், நாலு கார்ட்டூன் முகங்களின் பெயரில்!

அதே ஆண்டு பிரிட்டனின் மதிப்புமிக்க மெர்குரி பரிசுக்கு ஆல்பம் பரிந்துரைக்கப்பட்டது. 'வேண்டாம், எங்கள் பெயரை எடுத்துவிடுங்கள்' என்று பேண்ட் விலகிக்கொண்டது. விருது மேடைக்குப் போய் நிற்க இவர்களுக்குத்தான் உடம்பே இல்லையே!

திரை மட்டும் தெரிந்த கச்சேரி

சரி, கார்ட்டூன் பேண்ட் எப்படிக் கச்சேரி நடத்தும்?

2001 மார்ச்சில் லண்டன் 'ஸ்காலா' அரங்கில் முதல் கச்சேரி. மேடையை மறைத்து ஒரு பெரிய வெள்ளைத் திரை. திரையில் ஹியூலெட்டின் ஓவியங்களும் அனிமேஷனும் ஓடின. ஆல்பர்னும் மற்றவர்களும் திரைக்குப் பின்னால் நின்று வாசித்தார்கள். காசு கொடுத்து வந்தவர்களுக்குப் பாடகரின் முகம் தெரியவில்லை. அவர்களின் நிழல்தான் அவ்வப்போது தெரிந்தது.

இணையதளத்திலும் அதே கட்டுப்பாடு. 'காங் ஸ்டுடியோஸ்' என்ற கற்பனைக் கட்டடத்தின் அறை அறையாக ரசிகர்கள் மவுஸைப் பிடித்துச் சுற்றிவரலாம். யூடியூப், பேஸ்புக் எதுவும் இல்லாத காலம் அது. ஒரு பேண்ட் தன் ரசிகர்களுக்கு இணையத்தில் ஓர் உலகத்தையே கட்டிக் கொடுத்தது அப்போது புதுசு.

எதிர்பாராத ஒரு பாடல், ஒரு ரீமிக்ஸ் ஆல்பம்

2001 செப்டம்பர் 11 தாக்குதலின்போது அமெரிக்க ராப் குழுவான 'டி12' உறுப்பினர்கள் லண்டனில் மாட்டிக்கொண்டார்கள். விமானம் இல்லை, ஊர் திரும்ப வழியில்லை. அந்த நாட்களில் அவர்கள் கொரில்லாஸுடன் சேர்ந்து, மூத்த பிரிட்டிஷ் பாடகர் டெர்ரி ஹாலையும் வைத்து, '911' என்ற பாடலைப் பதிவு செய்தார்கள். அது இணையத்தில் இலவசமாக வெளியானது. கேலிக்காகத் தொடங்கிய பேண்ட், உலக நடப்பைப் பற்றிப் பேசத் தொடங்கிய முதல் இடம் இது என்று சொல்லலாம்.

அடுத்து, பி-சைடு பாடல்களைச் சேர்த்து 'ஜி-சைட்ஸ்' வந்தது. 2002-ல் 'லைக்கா கம் ஹோம்'. 'ஸ்பேஸ்மங்கீஸ்' என்ற குழு முதல் ஆல்பத்தின் பாடல்களை முழுக்க டப் ரெகே பாணியில் மாற்றிய ரீமிக்ஸ் தொகுப்பு அது. நடுவில் திரைப்படம் எடுக்கும் திட்டம் ஒன்றும் இருந்தது. அது கைகூடவில்லை. அந்தக் கதைக்கான யோசனைகள் வீணாகாமல் அடுத்த ஆல்பத்துக்குள் போயின.

2005: டீமன் டேஸ் - விளையாட்டு முடிந்தது, இரவு தொடங்கியது

முதல் ஆல்பம் ஹிட் ஆனபோது, 'இது ஒரு தடவை வேலை செய்யும் ஜோக்' என்று நினைத்தவர்கள் உண்டு. அவர்களுக்குப் பதில் சொன்னது 2005 மே மாதம் வந்த 'டீமன் டேஸ்'.

தயாரிப்பாளர் மாறினார். ராப்பர் ஜே-ஸீயின் 'பிளாக் ஆல்ப'த்தையும் பீட்டில்ஸின் 'ஒயிட் ஆல்ப'த்தையும் கலந்து 2004-ல் 'கிரே ஆல்பம்' செய்து பரபரப்பைக் கிளப்பிய டேஞ்சர் மவுஸ் உள்ளே வந்தார். ஒன்றோடொன்று ஒட்டாத ஒலிகளை ஒட்டவைப்பதில் கில்லாடி.

ஆல்பத்தின் அடிநாதம் இருட்டு. ஓர் இரவு முழுக்கத் தூங்காமல் கடப்பதுபோல அமைந்த பயணம் அது. ஈராக் போர் நடந்துகொண்டிருந்த காலம். உலகமே இரவுக்குள் போய்விட்டது என்ற உணர்வு பாடல்கள் முழுக்க இருக்கும். 'டர்ட்டி ஹாரி'யில் குழந்தைகள் கோரஸ் பாட, வீடியோவில் பாலைவனமும் ராணுவ வண்டியும். 'கிட்ஸ் வித் கன்ஸ்' தலைப்பே விஷயத்தைச் சொல்லிவிடும். ஒரு பாடலில் ஹாலிவுட் நடிகர் டென்னிஸ் ஹாப்பர் பாடவே இல்லை. மலையடிவாரத்தில் நிம்மதியாக வாழ்ந்த மக்களைத் தேடி வந்த பேராசைக்காரர்களின் கதையைச் சொல்கிறார். கடைசியில் லண்டன் கம்யூனிட்டி காஸ்பல் கோயரின் கூட்டுக்குரலோடு மெல்ல விடிகிறது.

கவனியுங்கள்: முதல் ஆல்பத்தில் பீட்டும் பேஸும்தான் ராஜா. இங்கே வயலின் குழு, தேவாலயக் கூட்டுக்குரல், சிறுவர் கோரஸ் எல்லாம் சேர்ந்துவிட்டன. பாடல்கள் தனித்தனியாக நிற்காமல் ஒன்றுக்குள் ஒன்று வழிந்து ஓடுகின்றன.

இந்த ஆல்பத்தின் 'ஃபீல் குட் இன்க்' அவர்களின் அடையாளப் பாடலே ஆகிவிட்டது. ஆப்பிள் ஐபாட் விளம்பரத்திலும் ஒலித்தது. தொடக்கத்தில் பேய்ச் சிரிப்பு, தடதடக்கும் பேஸ், டி லா சோல் குழுவின் ராப், நடுவில் சட்டென்று எல்லாம் அடங்கி ஒரு அக்கூஸ்டிக் கிட்டார். வீடியோவில் இருண்ட கோபுரத்துக்குள் மற்ற மூவர் அடைந்து கிடக்க, வெளியே காற்றாலையோடு மிதக்கும் ஒரு தீவில் நூடுல் கிட்டார் வாசிக்கிறாள். ஜப்பானிய அனிமேஷன் மேதை மியாசாகியின் சாயல் அதில் பளிச்சென்று தெரியும்.

பிரிட்டனில் 2-வது இடம் பிடித்த அந்தப் பாடலுக்கு 2006-ல் கிராமி விருது கிடைத்தது. மான்செஸ்டர் பாடகர் ஷான் ரைடர் பாடிய 'டேர்' பிரிட்டனில் முதலிடமே பிடித்தது. அந்தத் தலைப்புக்கு ஒரு குட்டிக் கதை உண்டு. ஒலிப்பதிவில் ஹெட்போன் சத்தத்தைச் சரிசெய்தபோது, 'இதோ வந்துடுச்சு' என்ற அர்த்தத்தில் ரைடர் சொன்ன ஆங்கிலச் சொல், அவருடைய மான்செஸ்டர் உச்சரிப்பில் 'டேர்' என்று கேட்டதாம். அதையே வைத்துவிட்டார்கள்.

ஆல்பம் பிரிட்டனில் முதலிடம், அமெரிக்காவில் 6-வது இடம்.

ஹாலோகிராம் வந்தது, பேஸ் காணாமல் போனது

2005 நவம்பரில் லிஸ்பனில் நடந்த எம்டிவி ஐரோப்பிய விருது விழா. மேடையில் நாலு கார்ட்டூன்களும் முப்பரிமாணத்தில் நின்று வாசித்தார்கள். பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். 2006 பிப்ரவரியில் கிராமி மேடையில் அதே வித்தை, கூடவே பாப் நட்சத்திரம் மடோனா!

'ஹாலோகிராம்' என்று எல்லோரும் சொன்னாலும், இது 19-ம் நூற்றாண்டு நாடக மேடைத் தந்திரத்தின் புது வடிவம்தான். மேடையில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலத்தைச் சாய்வாகக் கட்டி, அதில் பிம்பத்தைப் பிரதிபலிக்கச் செய்வார்கள். ஆள் அங்கே நிற்பதுபோலவே தெரியும்.

ஆனா, ஒரு பெரிய சிக்கல். ஸ்பீக்கரில் பேஸ் ஏறினால் அந்தப் படலம் அதிரும். அதிர்ந்தால் பிம்பம் கலையும். அதனால் சத்தத்தைக் குறைத்து வைக்க வேண்டியிருந்தது. பேஸையே உயிராக வைத்திருக்கும் ஒரு பேண்டுக்கு இதைவிடக் கொடுமை உண்டா? கண்ணுக்கு விருந்து வைத்தால் காதுக்குப் பட்டினி. கார்ட்டூன்களை மட்டும் வைத்து ஹாலோகிராம் சுற்றுப்பயணம் போகும் திட்டம் பேச்சோடு நின்றது.

இதற்கு மாறாக, அதே 2005 நவம்பரில் மான்செஸ்டர் ஆப்பரா ஹவுஸில் ஐந்து இரவுகள் 'டீமன் டேஸ்' முழுவதையும் வாசித்தார்கள். திரை இப்போது மேடையை மறைக்கவில்லை, மேலே போய்விட்டது. இசைக் கலைஞர்கள் வண்ண வெளிச்சத்தின் முன் கறுப்பு நிழலுருவங்களாக நின்றார்கள். கெஸ்ட் பாடகர்கள் மட்டும் வெளிச்சத்துக்கு வந்து பாடிவிட்டுப் போனார்கள். 2006 ஏப்ரலில் நியூயார்க் ஹார்லெமின் அப்போலோ தியேட்டரிலும் இதே நிகழ்ச்சி. முழு முகமூடி பாதி முகமூடி ஆன கட்டம் இது.

இடையில் என்ன செய்தார்கள்?

'எல் மன்யானா' வீடியோவில் நூடுலின் காற்றாலைத் தீவைப் போர் ஹெலிகாப்டர்கள் சுட்டு வீழ்த்துகின்றன. அவள் என்ன ஆனாள் என்று சொல்லாமலே இரண்டாம் கட்டம் முடிந்தது. ரசிகர்கள் நாலு வருஷம் காத்திருந்தார்கள்!

2006-ல் லண்டன் டிசைன் மியூசியத்தின் 'ஆண்டின் சிறந்த வடிவமைப்பாளர்' விருது ஹியூலெட்டுக்குக் கிடைத்தது. 2007-ல் ஆல்பர்னும் ஹியூலெட்டும் சேர்ந்து, சீனப் பெருங்கதையை வைத்து 'மங்கி: ஜர்னி டு தி வெஸ்ட்' என்ற ஆப்பராவை மான்செஸ்டரில் அரங்கேற்றினார்கள். அதே ஆண்டு 'டி-சைட்ஸ்' என்ற தொகுப்பும் வந்தது. சீன இசைக் கருவிகளோடும் பெரிய மேடைக் கலைஞர் குழுவோடும் வேலை செய்த அந்த அனுபவம், அடுத்த ஆல்பத்தின் பிரம்மாண்டத்துக்கு முன்னோட்டம்போல அமைந்தது.

2010: பிளாஸ்டிக் பீச் - குப்பையில் கட்டிய தீவு

பிரிட்டனின் டெவன் பகுதியில் ஆல்பர்னுக்கு வீடு உண்டு. அங்கே கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோது, மணலோடு மணலாகக் கலந்துகிடந்த பிளாஸ்டிக் துணுக்குகளைக் கவனித்திருக்கிறார். ஆல்பத்தின் விதை அதுதான். ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுக் குப்பைமேட்டில் மக்கள் ஒவ்வொரு பொருளையும் பொறுக்கி மறுபடி பயன்படுத்தியதைப் பார்த்ததும் இதோடு சேர்ந்துகொண்டது.

கதைப்படி, எல்லா நிலப்பரப்பிலிருந்தும் மிகத் தொலைவில் இருக்கும் பசிபிக் கடல் புள்ளியில், குப்பைகள் சேர்ந்து உருவான தீவில் மர்டாக் ஸ்டுடியோ கட்டுகிறார். 2டியைக் கடத்தி வந்து பாடவைக்கிறார். நூடுலுக்குப் பதில் ஒரு ரோபோ. அட்டைப் படத்துக்காக அந்தத் தீவை நிஜமாகவே மாதிரியாகச் செய்து படம்பிடித்தார்கள்.

இசையில்? இதுவரை இல்லாத அளவு ஆள் சேர்ந்தது. தொடக்கத்தில் 'சின்ஃபோனியா விவா' ஆர்கெஸ்ட்ரா, அடுத்து ராப்பர் ஸ்னூப் டாக். 'ஒயிட் ஃபிளாக்' பாடலுக்காக ஆல்பர்ன் பெய்ரூட் போய், லெபனான் தேசிய அரபு இசைக் குழுவின் வாசிப்பைப் பதிவு செய்தார். அரபு வயலின்களும் புல்லாங்குழலும் ஓடிக்கொண்டிருக்க, லண்டன் ராப்பர்கள் கானோவும் பாஷியும் உள்ளே நுழைகிறார்கள். ராக் உலக மேதை லூ ரீட், ஸ்வீடனின் 'லிட்டில் டிராகன்', பிரிட்டிஷ் பங்க் ராக் ஜாம்பவான்களான 'தி கிளாஷ்' குழுவின் மிக் ஜோன்ஸ், பால் சிமனன். பட்டியல் நீளும்.

இவர்களில் மறக்க முடியாதவர் பாபி வோமாக். 1960-களிலிருந்து பாடிவந்த அமெரிக்க சோல் பாடகர். அந்தக் காலத்தில் அதிகம் வெளியே வராமல் இருந்தவர். 'ஸ்டைலோ' பாடலில் எலக்ட்ரானிக் பீட்டுக்கு நடுவே அவர் குரல் வெடித்து வரும் இடம் ஆல்பத்தின் உச்சம். அந்தச் சந்திப்பால் 2012-ல் ஆல்பர்னின் கூட்டுத் தயாரிப்பில் வோமாக்கின் புது ஆல்பமே வந்தது. 2014-ல் அவர் காலமானார். ஒரு கார்ட்டூன் பேண்ட், மூத்த கலைஞர் ஒருவருக்குக் கடைசிக் காலத்தில் புது ரசிகர்களைக் கொடுத்தது.

ஒலியிலும் பெரிய மாற்றம். ஹிப்-ஹாப்பும் டப்பும் பின்னுக்குப் போய், சிந்தசைஸர் பாப் முன்னுக்கு வந்தது. 'ஆன் மெலன்கலி ஹில்' கேட்டால் புரியும்: முதல் ஆல்பத்தின் அழுக்கு இல்லை. பளபளப்பு, அடியில் ஒரு சோகம். பிளாஸ்டிக் மாதிரியே!

ஆல்பம் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 2-வது இடம். 'ஸ்டைலோ' வீடியோவில் நடிகர் புரூஸ் வில்லிஸ் காரில் துரத்தினார். ஆனால், 'ரைன்ஸ்டோன் ஐஸ்' பாடலுக்குத் திட்டமிட்ட அனிமேஷன் வீடியோ முழுமையடையவில்லை. ஸ்டோரிபோர்டு ஓவியங்கள் மட்டுமே வெளியாயின. அனிமேஷன் என்பது பெரும் செலவு; ஆல்பம் விற்பனை உலகம் முழுக்க சரிந்துகொண்டிருந்த காலம் அது.

திரைக்கு முன்னால் வந்த மனிதர்கள்

2010 கோடையில் பிரிட்டனின் கிளாஸ்டன்பரி விழா. பாடகர் போனோவின் முதுகுக் காயத்தால் 'யு2' குழு விலக, அந்த இடத்தில் கொரில்லாஸ் மேடையேறியது. முழு பேண்டும் வெளிச்சத்தில், கடலோடி உடையில், ரசிகர்கள் கண்ணெதிரே. ஆல்பர்னின் முகம் எல்லோருக்கும் தெரிந்தது. கார்ட்டூன்கள் பின்னால் இருந்த திரையில் ஓடின.

ஜூலையில் சிரியா தலைநகர் டமாஸ்கஸின் பழங்காலக் கோட்டைக்குள் கச்சேரி. சிரியக் கலைஞர்களும் உடன் வாசித்தார்கள். அடுத்த ஆண்டே அந்த நாடு உள்நாட்டுப் போருக்குள் விழுந்தது. பின்னோக்கிப் பார்க்கும்போது மனதைப் பிசையும் கச்சேரி அது.

2001-ல் திரை முன்னால், மனிதர்கள் பின்னால். 2010-ல் மனிதர்கள் முன்னால், திரை பின்னால். பத்தாண்டுக் கதையை இந்த ஒரு மாற்றமே சொல்லிவிடும்.

ஐபேடில் ஒரு ஆல்பம்

2010 ஏப்ரலில்தான் ஆப்பிள் ஐபேட் விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் வட அமெரிக்கச் சுற்றுப்பயணம். ஊர் ஊராகப் போகும்போது, ஹோட்டல் அறையிலும் பயணத்திலும் ஐபேட் செயலிகளை வைத்தே ஆல்பர்ன் பாடல்கள் செய்தார். 'டெட்ராய்ட்', 'அமரில்லோ' என்று சில பாடல்களுக்கு ஊர்ப் பெயரே தலைப்பு. பிளாஸ்டிக் பீச்சில் ஆர்கெஸ்ட்ரா, இங்கே பெரும்பாலும் ஒரு மனிதன், ஒரு திரை. நாட்குறிப்பு மாதிரியான ஆல்பம்.

2010 கிறிஸ்துமஸ் அன்று 'தி ஃபால்' ரசிகர் மன்ற உறுப்பினர்களுக்கு இலவசமாக வெளியானது. 2011 ஏப்ரலில் கடைகளுக்கு வந்தது. அதே ஆண்டு இறுதியில் '2001-2011' பாடல்களின் தொகுப்போடு முதல் பத்தாண்டு முடிந்தது.

வெற்றிக்குப் பிறகு விரிசல்

மேடையில் இசைக் கலைஞர்கள் முன்னால் வர வர, ஓவியரின் இடம் சுருங்கியது. பேண்டில் பாதி ஹியூலெட்டின் ஓவியம். அது பின்னணி அலங்காரம் ஆகிவிட்டால் அவருக்கு என்ன மிச்சம்? பிளாஸ்டிக் பீச் சுற்றுப்பயணத்தின்போது இருவருக்கும் மனக்கசப்பு வந்தது. 2012-ல் இது வெளிப்படையாகவே செய்தியானது. பிறகு சமாதானமாகி, 2017-ல்தான் அடுத்த ஆல்பமான 'ஹ்யூமன்ஸ்' வந்தது.

இசை எப்படி மாறியது? ஒரு பார்வையில்...

• 2001, கொரில்லாஸ்: டப், ஹிப்-ஹாப். எளிய பீட், கனமான பேஸ். விளையாட்டுத்தனம்.
• 2005, டீமன் டேஸ்: ஹிப்-ஹாப்போடு வயலின்கள், கோரஸ். போரும் பயமும் பேசும் இருண்ட ஆல்பம்.
• 2010, பிளாஸ்டிக் பீச்: சிந்த் பாப், ஆர்கெஸ்ட்ரா, அரபு இசை, சோல். சுற்றுச்சூழல் கவலை.
• 2010, தி ஃபால்: ஐபேட் எலக்ட்ரானிக் இசை. தனிமையான பயணக் குறிப்பு.

இப்போது ஏன் இதைப் பேச வேண்டும்?

2025-ல் 'தி வெல்வெட் சன்டவுன்' என்ற பேண்டை ஸ்பாட்டிஃபையில் லட்சக்கணக்கானோர் கேட்டார்கள். பிறகுதான், அது ஏஐ துணையோடு உருவாக்கிய இசை என்று அந்தப் பக்கமே ஒப்புக்கொண்டது. ரசிகர்கள் கோபப்பட்டார்கள். பேண்ட் கற்பனை என்பதுதான் கோபத்துக்குக் காரணம் என்றால், கொரில்லாஸ் மேல் யாருக்கும் ஏன் கோபம் வரவில்லை?

வித்தியாசம் இதுதான். கொரில்லாஸ் முகத்தை மறைத்தது. உழைத்தவர்களின் பெயரை மறைக்கவில்லை. டெல், டி லா சோல், வோமாக் என்று யார் பாடினார்கள் என்பது ஆல்பத்திலேயே இருக்கும். கார்ட்டூன் முகமூடி, பல நாட்டுக் கலைஞர்கள் ஈகோ இல்லாமல் ஒரே பெயரில் கூடும் பந்தல் ஆனது. அங்கே கற்பனை மனிதர்களைக் கூட்டி வந்தது. ஏஐ பேண்ட் விஷயத்தில் ரசிகர்களின் பயமே, கற்பனை மனிதர்களை வெளியே அனுப்பிவிடுமோ என்பதுதான்.

2025-ல் அறிவித்த 'தி மவுண்டன்' ஆல்பத்துக்காக அவர்கள் தேடி வந்தது இந்தியாவுக்கு. ஆஷா போஸ்லே, சிதார் கலைஞர் அனுஷ்கா சங்கர், புல்லாங்குழல் கலைஞர் அஜய் பிரசன்னா ஆகியோரின் பெயர்கள் அந்தப் பட்டியலில் உண்டு. 2001-ல் கியூபாவின் இப்ராஹிம் ஃபெரரில் தொடங்கிய அதே வழக்கம்.

முதல் முறை கேட்கப் போறீங்களா?

இந்த வரிசையில் ஐந்து பாடல்கள் போதும், பத்தாண்டும் பிடிபட்டுவிடும்: 'கிளின்ட் ஈஸ்ட்வுட்', 'ஃபீல் குட் இன்க்', 'டர்ட்டி ஹாரி', 'ஸ்டைலோ', 'ஆன் மெலன்கலி ஹில்'. போன் ஸ்பீக்கரில் வேண்டாம், ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். ஹாலோகிராம் மேடையில் குறைக்க வேண்டியிருந்த அந்த பேஸ், உங்கள் காதிலாவது முழுசாக ஒலிக்கட்டும்!